காளான் வித்துக்குச் சோளமா, கோதுமையா?

சிப்பிக் காளான் போடத் தொடங்குகிறவர்கள் முதல் ஒன்றிரண்டு வருடம் வித்தை வெளியில் வாங்கித்தான் பழகுகிறார்கள். பை வரும், வெள்ளையாக இருக்கும், பிரித்து உதிர்த்து வைக்கோலில் தூவிவிடுவார்கள். அந்த வெள்ளைக்குள் இருப்பது என்ன தானியம் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. ஒருநாள் வாங்கிய வித்து சரியில்லாமல் வைக்கோலும் வித்தும் அடுக்கிக் கட்டிய இருபது பைகளும், அதாவது இருபது படுக்கையும், பச்சைப் பூசணம் பிடித்த பிறகுதான், நாமே வித்து தயாரித்தால் என்ன என்ற யோசனை வரும். அப்புறம் யூடியூப். அதில் அமெரிக்கர் ஒருவர் 'ரை' என்று ஒரு தானியத்தை வேகவைத்துக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் காட்டுவார். நம் ஆள் மறுநாள் காலை மளிகைக் கடையில் போய் ரை இருக்கிறதா என்று கேட்பார். கடைக்காரர் ரவையை எடுத்து நீட்டுவார்.

ரை குளிர்நாட்டுப் பயிர். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அது தாராளமாகக் கிடைக்கிறது, அதனால் அங்கே வித்துக்கு அது. இமாச்சலப் பிரதேசத்தின் சோலனில் மத்திய அரசின் காளான் ஆராய்ச்சி இயக்குநரகம் இருக்கிறது. அந்தப் பக்கமெல்லாம் கோதுமை. கேரளத்தில் நெல்லிலேயே வித்து போடுகிறார்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லித்தரும் முறையில் சோளம். இதைப் பார்த்தாலே ஒன்று புரியும்: காளானுக்கென்று தனியாக ஒரு தானியம் கிடையாது. அந்தந்த ஊரில் மலிவாக, தரமாக, வருடம் முழுவதும் எது கிடைத்ததோ அதில் வித்து போட்டிருக்கிறார்கள்.

சரி, அப்படியானால் எதை வேண்டுமானாலும் போடலாமா? போடலாம், ஆனால் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. நான் தானியத்தின் பெயரைப் பிறகுதான் பார்ப்பேன், முதலில் பார்ப்பது அதன் தோலை. ஏன் என்று சொல்வதற்கு முன்னால், தானியம் எதற்கு என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

வித்து என்கிறோமே தவிர, பையில் இருக்கும் சோளத்துக்கும் முளைப்புக்கும் சம்பந்தமில்லை. வேகவைத்து, நீராவியில் கொன்ற சோளம் அது. அதன்மேல் காளானின் பூசண இழை வளர்ந்து படர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு மணியும் அந்த இழைக்கு ஒரு வண்டி. அதே சமயம் வழிச்சோறு. வைக்கோலில் போய் விழுந்ததும் இழைக்கு உடனே அங்கே சாப்பாடு கிடைத்துவிடாது. வைக்கோலின் செல்லுலோஸையும் லிக்னினையும் உடைக்க நொதிகளைச் சுரக்க வேண்டும், அதற்குச் சில நாள் ஆகும். அந்த நாட்களை ஓட்டுவதற்கான மாவுச்சத்தும் புரதமும் மணிக்குள் இருக்கின்றன.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. மொட்டுக் காளானுக்குக் குதிரைச் சாணத்தைக் கட்டியாக்கி, அதில் இழையை வளர்த்து, உடைத்துப் போடுவார்கள். கட்டி எப்படி உடையும், எங்கே இழை இருக்கும், எங்கே இல்லை என்பதெல்லாம் அதிர்ஷ்டம். 1932இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஜேம்ஸ் சிண்டன் என்பவர் வெந்த தானியத்தில் இழை வளர்க்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் செய்த பெரிய காரியம், வித்தை எண்ணக்கூடிய பொருளாக மாற்றியது என்பேன். மணி மணியாகப் பிரியும், குலுக்கினால் கலையும், கைப்பிடி அளவில் சமமாகத் தூவலாம். கோவையில் 1943இலேயே தாமஸும் அவருடன் இருந்தவர்களும் வைக்கோல் காளானை வளர்த்துக் காட்டிவிட்டார்கள். சிப்பிக் காளான் நம் பக்கம் பரவியது அதற்கு வெகுநாள் கழித்துத்தான். அது வந்தபோது தானிய வித்தும் கூடவே வந்தது.

இப்போது தோலுக்கு வருவோம்.

ஒரு சோள மணியை மாவுச்சத்து நிரப்பிய சின்னப் பை என்று நினைத்துக்கொள்ளுங்கள். நாம் அதற்குள் தண்ணீர் ஏற்றுகிறோம், வேகவைக்கிறோம், பிறகு அழுத்த நீராவியில் இரண்டு மணி நேரம் வைக்கிறோம். இவ்வளவுக்கும் பிறகு பை கிழியாமல் இருக்க வேண்டும். கிழிந்தால் உள்ளே இருக்கும் மாவு கஞ்சியாக வெளியே வரும். வெளியே வந்த கஞ்சி மணிகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும், நடுவில் காற்று போக இடமிருக்காது. காளான் இழைக்குக் காற்று வேண்டும். கஞ்சியில் குதிக்கும் பாக்டீரியாவில் பலவற்றுக்கு அது அவ்வளவாகத் தேவையில்லை. ஆகவே தோல் கிழிந்த பையில் இழைக்கு முன்னால் பாக்டீரியா ஜெயித்துவிடும். பையைத் திறந்தால் பழைய சோற்றுத் தண்ணீர் நாள்பட்டுக் கெட்ட மாதிரி ஒரு வாடை அடிக்கும். அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

தோல் கிழியாத மணியிலோ, சத்து உள்ளேயே பூட்டியிருக்கிறது. காளான் இழை நொதி சுரந்து, தோலைத் துளைத்து உள்ளே போய்ச் சாப்பிடும். அந்தத் திறமை அதற்கு உண்டு. போட்டிக்கு வரும் பாக்டீரியாக்கள் பலவற்றுக்கு அவ்வளவு எளிதில் முடியாது. தோல் என்பது நம் காளானுக்கு மட்டும் சாவி கொடுத்த பூட்டு மாதிரி.

இந்தக் கண்ணோடு ஒவ்வொரு தானியத்தையும் பார்த்தால், எதற்கு எது என்பது கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாகும்.

சோளம் உருண்டை. பள்ளம், மடிப்பு எதுவும் இல்லை. தோல் ஓரளவு கெட்டி. கோதுமையில் இருப்பதுபோல ஒட்டும் பசைப் புரதம் இல்லை. வெந்து ஆறிய பிறகு கையில் எடுத்துவிட்டால் உருண்டு ஓடும். பையைக் குலுக்கினால் பொலபொலவென்று பிரியும். நம் ஊர் வெயிலுக்கும் வானம் பார்த்த நிலத்துக்கும் ஏற்ற பயிர் என்பதால் காலங்காலமாகக் கிடைக்கிறது. கோவைக்காரர்கள் இதைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கோதுமை மணியின் ஒரு பக்கத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும், பார்த்திருப்பீர்கள். அந்தப் பள்ளத்தில் தூசியும் தங்கும், தண்ணீரும் தங்கும். வேகவைக்கும்போது ஒரு நிமிடம் கூடினாலும் மணி வெடித்துப் பசை வெளியே வரும். அதனால்தான் கோதுமையில் வித்து போடுகிறவர்கள், மணிகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, ஜிப்சம் கூடுதலாகச் சேர்க்கிறார்கள்: ஜிப்சம் 2 சதவீதம், சுண்ணத்தூள் அரை சதவீதம் என்பது வடக்கே வழக்கமான கணக்கு. புரதம் சோளத்தைவிடச் சற்று அதிகம், இழை நன்றாகவே ஓடும். வேக்காட்டில் கை தேர்ந்தவருக்குக் கோதுமை நல்ல தானியம். புதியவருக்கு அது பரீட்சை.

நெல்லின் தோல் வேறு ரகம். உமி என்பது மணியோடு ஒட்டிய தோல் அல்ல, மேலே போட்ட சட்டை. சட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் காற்று நிற்கும், தண்ணீர் மெதுவாகத்தான் ஏறும். அதிகம் வெந்தால் உமி வாய் பிளந்து சோறு எட்டிப் பார்க்கும். அந்த இடத்தில் நிறுத்த வேண்டும் அல்லது அதற்குக் கொஞ்சம் முன்னால். உமிமேல் களத்து மண்ணும் பூசண விதைகளும் ஏராளமாக ஒட்டியிருக்கும் என்பதால் நாலைந்து தண்ணீர் கழுவியே ஆக வேண்டும். ஒரு நல்ல குணமும் உண்டு: உமியின் சொரசொரப்பால் நெல் மணிகள் அப்பிக்கொள்ளாது, இடையில் காற்று நன்றாகப் போகும். நெல் மட்டுமே கைக்கு எட்டும் ஊரில் இருப்பவர் சோளத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கம்புக்குத் தோல் மெல்லிது, மணி சின்னது. கேழ்வரகு அதைவிடப் பொடி. இரண்டிலும் சீக்கிரம் தண்ணீர் ஏறும், சீக்கிரம் குழையும். பொடி மணிகளுக்கு நடுவே தண்ணீர் தங்கினால் எளிதில் வெளியே வராது. கேழ்வரகைப் பையில் நிரப்பி நீராவியில் வைத்து எடுத்தால், கவனம் கொஞ்சம் பிசகினாலும் களிக் கட்டி. மக்காச்சோளம் நேர் எதிர். தோல் தடிமன், வெடிப்பது குறைவு. ஆனால் மணியின் நடுவரை தண்ணீர் ஏறவும் வேகவும் நேரம் எடுக்கும். வெளியே வெந்து உள்ளே விதை மாதிரி கடினமாக இருந்தால், அந்த உலர்ந்த நடுப்பகுதிக்குள் இருக்கும் கிருமிக்கு நீராவிச் சூடு சரியாக வேலை செய்யாது. ஈரச்சூடு கொல்வதை உலர்சூடு கொல்லாது.

மணியின் பருமனைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் தராசும் பொறுமையும் இருந்தால் யாரும் போடலாம். ஆயிரம் சோள மணி கிட்டத்தட்ட 30 கிராம் இருக்கும். கம்பு ஆயிரம் மணி 10 கிராம். மக்காச்சோளம் 280 கிராம் என்று வையுங்கள். கோதுமை 40. ரகத்துக்கு ரகம் மாறும், ஆனால் விகிதம் இதுதான். வழக்கமான முறையில் 300 கிராம் வித்துப் பை ஒன்றை இரண்டு படுக்கைக்குப் பிரிக்கிறோம். ஒரு படுக்கைக்கு 150 கிராம். வித்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் இருப்பதையும் கழித்துக்கொண்டால், சோள வித்தில் ஒரு படுக்கைக்கு ஏறக்குறைய 3,000 மணி விழும். கம்பு வித்தில் 9,000. மக்காச்சோளத்தில் 300 சொச்சம்தான்.

ஒவ்வொரு மணியும் இழை கிளம்பும் ஒரு புள்ளி. புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் இழைகள் சீக்கிரம் கைகோத்து வைக்கோலைப் பிடித்துவிடும், பச்சைப் பூசணத்துக்கு இடமிருக்காது. அப்படிப் பார்த்தால் கம்புதான் ராஜா. ஆனால் ஒவ்வொரு கம்பு மணியிலும் இருக்கும் வழிச்சோறு சோளத்தில் மூன்றில் ஒரு பங்கு. வைக்கோல் சரியாகப் பதப்பட்டு, ஈரம் அளவாக இருந்தால் அது போதும். வைக்கோல் கொஞ்சம் சொதப்பலாக இருந்தால், அல்லது வித்து பத்து நாள் கிடந்து பழசாகியிருந்தால், கம்பு மணிக்குத் தாக்குப்பிடிக்கத் தெம்பு இருக்காது. மக்காச்சோள மணியில் தெம்பு நிறைய, ஆனால் இரண்டு மணிக்கு நடுவே வைக்கோலில் வெகுதூரம். சோளம் இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

முதலில் புட்டியில் வளர்த்து மற்ற பைகளுக்கு இடும் தாய் வித்துக்கும், வைக்கோலில் தூவும் படுக்கை வித்துக்கும் ஒரே தானியம் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தாய் வித்துப் புட்டியிலிருந்து ஒவ்வொரு பைக்கும் கொஞ்சம் மணிகளைத்தான் கொட்டுகிறோம். அங்கே மணி பிரிந்து விழுவதும், எண்ணிக்கையும் முக்கியம். சிலர் தாய் வித்தைக் கம்பிலும் படுக்கை வித்தைச் சோளத்திலும் போடுவதற்கு இதுதான் காரணம். நான் இரண்டுக்கும் சோளமே வைத்திருக்கிறேன். ஒரே தானியம் என்றால் ஒரே வேக்காடு, ஒரே கணக்கு. தப்பு நடந்தாலும் எங்கே நடந்தது என்று கண்டுபிடிப்பது சுலபம்.

சோளம் என்று முடிவானால் எந்தச் சோளம்? இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

முதல் எச்சரிக்கை, விதைக் கடையில் வாங்காதீர்கள். நான் ஆரம்பத்தில் அப்படித்தான் வாங்கினேன். விதைக்கான சோளம் என்றால் முழு மணி, ஒரே அளவு, உடைசல் இல்லாமல் அழகாக இருக்கும் என்று நினைத்தேன், இருந்தது. லேசாக இளஞ்சிவப்பு நிறமும் இருந்தது. மூன்று தண்ணீர் கழுவினேன், சாயம் போனது, வேகவைத்துப் பையில் போட்டுத் தாய் வித்தும் இட்டாயிற்று. பத்து நாளாகியும் இட்ட இடத்தைவிட்டு இழை நகரவே இல்லை. பாக்டீரியா இல்லை, பச்சை இல்லை, வாடை இல்லை, ஒன்றுமே இல்லை. பெரியவர் ஒருவரிடம் காட்டியபோது சிரித்தார். "தம்பி, அது விதை நேர்த்தி பண்ணின சோளம். பூசணத்தைக் கொல்றதுக்குப் பூசின மருந்து. நீங்க வளக்கறதே பூசணம்தானே?" என்றார். அன்று முதல் சாப்பாட்டுக்கு விற்கும் சோளம் மட்டும்தான். வாங்குவதற்கு முன் ஒரு பிடியை ஈரத் துணியில் தேய்த்துப் பார்ப்பேன். துணியில் நிறம் ஏறினால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவது. மனிதர் சாப்பிடக் கூடாத அந்தச் சோளம் தவறுதலாக வீட்டு அடுப்புக்கும் போய்விடக் கூடாது.

இரண்டாவது, அறுவடைக் காலம். சோளக் கதிர் முற்றும் நேரத்தில் மழை பிடித்தால் மணிகளில் பூசணம் ஏறும். கறுப்பாகவோ சாம்பலாகவோ இளஞ்சிவப்பாகவோ மணியில் கறை தெரியும். வெளியில் தெரிவது கொஞ்சம், தோலுக்கு அடியில் இருப்பது அதிகம். தோல் அங்கே ஏற்கெனவே மெலிந்து போயிருக்கும், வேகவைத்தால் முதலில் வெடிப்பது அந்த மணிதான். ஆடியில் விதைத்து, ஐப்பசி அடைமழைக்குச் சற்று முன்னே பின்னே அறுத்த சோளத்தில் இந்தத் தொல்லை வரலாம். புரட்டாசியில் விதைத்து தை, மாசியில் அறுத்தது காய்ந்த வெயிலில் முற்றியது. நகத்தால் கீறினால் கண்ணாடி மாதிரி இருக்கும். எனக்குப் பிடித்தது அதுதான். மாசி, பங்குனியில் சந்தைக்கு வரும்போது ஆறு மாதத் தேவைக்கு வாங்கி, காயவைத்து, காற்றுப் புகாத டிரம்மில் வைத்துவிடலாம்.

நிறம்? வெள்ளை, மஞ்சள், சிவப்பு, தெற்கே கரிசல் பக்கம் விளையும் இருங்குச் சோளம் என்று பல உண்டு. கருஞ்சிவப்பு ரகங்களில் பொதுவாகத் துவர்ப்புச் சத்து அதிகம். குருவிகூட அதைக் கடைசியில்தான் கொத்தும். சிப்பிக் காளான் அதையும் மெல்ல மெல்லச் சிதைத்துவிடும் என்றாலும், வேகமாக வெளுக்க வேண்டிய வித்துப் பையில் அந்தத் தாமதம் எதற்கு? வெள்ளையோ வெளிர் மஞ்சளோ போதும். வெளிர் மணியில் கறை இருந்தால் கண்ணுக்கும் உடனே தெரியும், கருஞ்சிவப்பில் அது ஒளிந்துகொள்ளும்.

மூன்றாவது, உடைசலும் வண்டும். முறத்தில் புடைத்து, சல்லடையில் சலித்துப் பாருங்கள். நொய்யும் பாதி மணியும் அதிகம் விழுந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். உடைந்த மணி என்பது தோல் ஏற்கெனவே கிழிந்த மணி. வண்டு துளைத்த மணியும் அதே கதை. உள்ளே பாதி காலியாக இருக்கும், தண்ணீரில் போட்டால் மிதக்கும். பழைய சோளம் சத்தில் பெரிதாகக் குறைந்துவிடாது, ஆனால் வண்டு தொட்டிருக்க வாய்ப்பு அதிகம். அதனால்தான் போன வருடத்துச் சோளத்தை நான் தவிர்க்கிறேன், வேறு சாத்திரம் எதுவும் இல்லை.

நல்ல சோளம் கையில் வந்த பிறகு அதைக் கெடுக்க இரண்டே வழி: அதிகம் வேகவைப்பது, சரியாக உலர்த்தாமல் விடுவது. அரைவேக்காடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எது பாதி என்பதில்தான் சண்டை. மணியை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே அழுத்தினால் நசுங்க வேண்டும், மாவாகக் குழையக் கூடாது. நசுங்கிய இடத்தில் நடுவே ஊசி முனையளவு வெள்ளைப் பொட்டு வேகாமல் தெரிய வேண்டும். மிச்ச வேக்காடு நீராவிப் பாத்திரத்துக்குள் நடந்துகொள்ளும். முழுதாக வெந்த சோளத்தை அதற்குள் வைத்தால் இரட்டை வேக்காடாகிவிடும்.

விரலை நம்பாதவருக்குத் தராசு இருக்கிறது. கடைச் சோளத்தில் 12 சதவீதம் ஈரம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். வித்துக்கு வேண்டிய ஈரம் 45 முதல் 50 சதவீதம். கணக்குப் போட்டால், 10 கிலோ சோளம் ஊறி, வெந்து, வடிந்து, மேலே ஈரம் காய்ந்த பிறகு 16இலிருந்து 17½ கிலோ இருக்க வேண்டும். 19 கிலோ காட்டினால் அதிகத் தண்ணீர். இன்னும் பரப்பி உலர்த்துங்கள், அல்லது அந்தத் தடவை மாட்டுக்கு வைத்துவிடுங்கள். 14 என்றால் உள்ளே வேகவில்லை. எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவருக்கு நாலு தடவையில் இந்த எண் மனப்பாடமாகிவிடும்.

முந்தின இரவு ஊறவைப்பது வெறும் மென்மைக்காக மட்டும் இல்லை. தானியத்தில் பேசில்லஸ் வகைப் பாக்டீரியா கூடு கட்டித் தூங்கிக்கொண்டிருக்கும். அந்தக் கூடு கொதிநீருக்கெல்லாம் அசையாது. தண்ணீரும் கொஞ்சம் சத்தும் கிடைத்தால் அதில் ஒரு பகுதி கூட்டைவிட்டு விழித்துக்கொள்ளும். விழித்ததைக் கொல்வது சுலபம். ஆனால் சித்திரை வெயிலில் பன்னிரண்டு மணி நேரம் தாண்டி ஊறினால் என்ன ஆகும் என்பது தோசை மாவு கரைத்த எல்லோருக்கும் தெரியும். நுரை கட்டும், புளிக்கும். கோடையில் எட்டு மணி நேரம் போதும், நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்றினால் நல்லது.

வெந்த சோளத்தை வடித்து, சுத்தமான சாக்குத் துணியில் நிழலில் பரப்ப வேண்டும். மணி உள்ளே ஈரமாகவும் வெளியே உலர்ந்தும் இருக்க வேண்டும். ஒரு பிடியை டிஷ்யூ தாளிலோ செய்தித்தாளிலோ வைத்து எடுங்கள். தாளில் ஈரத் தடம் பளிச்சென்று விழுந்தால் இன்னும் காயவில்லை. பிறகு கிலோவுக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட். அது புளிப்பைச் சரிக்கட்டும், மணிகளைப் பிரித்தும் வைக்கும். புதிதாகச் செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம்: இந்தத் தூள் படிந்து சோளம் முதல் நாளே வெள்ளையாகத் தெரியும். ஒரு நண்பர் அதைப் பார்த்து 'ஒரே நாளில் பரவிவிட்டது' என்று எனக்குப் படம் அனுப்பினார். இழையின் வெண்மை பஞ்சு மாதிரி இருக்கும், தூளின் வெண்மை பவுடர் பூசிய முகம் மாதிரி இருக்கும்.

நீராவிச் சூட்டைத் தாங்கும் பாலிப்ரொப்பிலீன் (பிபி) பையில் முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பாமல், கழுத்தில் பிவிசி வளையம் மாட்டி, தண்ணீர் உறிஞ்சாத பஞ்சால் அடைத்து, 20 பவுண்டு அழுத்தத்தில் இரண்டு மணி நேரம். இந்த இடத்தில் ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வரும். வைக்கோலை வெந்நீரில் முக்கி எடுத்தே படுக்கை போடுகிறோம், காளான் வருகிறது. தானியத்தை மட்டும் ஏன் இவ்வளவு வாட்ட வேண்டும்? வைக்கோல் ஏழை வீடு. அங்கே எளிதில் கிடைக்கும் சர்க்கரை, மாவு எதுவும் இல்லை. செல்லுலோஸை உடைக்கத் தெரிந்த சிப்பிக் காளானுக்குத்தான் அங்கே பிழைப்பு, மிச்சக் கிருமிகள் கொஞ்சம் இருந்தாலும் பட்டினி கிடக்கும். தானியம் கல்யாண வீடு. கதவைத் திறந்து வைத்தால் யார் வேண்டுமானாலும் பந்தியில் உட்காருவார்கள். டிரம்மில் சாதாரண நீராவியில் வேகவைத்த சோளத்தில் வித்து போட்டு நாலு தடவை வந்து, ஐந்தாவது தடவை மொத்தமும் போன கதைகள் நிறைய உண்டு. மணி பெரிதாக ஆக நேரத்தைக் கூட்ட வேண்டும். மக்காச்சோளத்துக்கு இரண்டு மணி நேரம் போதும் என்று நம்பி இருக்காதீர்கள்.

தானியம் சரியாக அமைந்ததா என்பதைப் பையே சொல்லிவிடும். வித்திட்ட நாலைந்து நாளில் இழை கிளம்பி, மூன்றில் ஒரு பங்கு வெளுத்ததும் ஒருமுறை குலுக்கினால், மணிகள் தனித்தனியாக உருள வேண்டும். மொத்தமாகக் கட்டியாகப் புரண்டால் ஈரம் அதிகம். அடியில் மட்டும் மணிகள் கண்ணாடி மாதிரி பளபளத்து, பிளாஸ்டிக்கில் பால் தடவியதுபோல ஒரு படலம் ஒட்டியிருந்தால் தோல் வெடித்திருக்கிறது, பாக்டீரியா வந்துவிட்டது. மேலே ஒரு ஓரத்தில் மட்டும் பச்சையோ கறுப்போ தெரிந்தால் தானியத்தைக் குறை சொல்லாதீர்கள், அது பஞ்சு அடைப்பிலோ வித்திட்ட கையிலோ வந்தது. பையின் நடுவில், வித்திட்ட இடத்துக்குச் சம்பந்தமில்லாத பல புள்ளிகளில் ஒரே நேரத்தில் கிளம்பினால் நீராவி போதவில்லை. ஆரஞ்சு நிறப் பூசணம் கண்டால் பையைத் திறக்கவே கூடாது, வெளியே தூரமாகக் கொண்டுபோய் அழித்துவிட வேண்டும். அதன் பொடி பறந்தால் அறை முழுக்கப் பரவும்.

எல்லாம் நன்றாக நடந்தால் பதினைந்து, பதினெட்டு நாளில் பை முழுக்க வெளுக்கும். அப்போதிலிருந்து மணிக்குள் இருக்கும் வழிச்சோறு கரைய ஆரம்பிக்கிறது. வித்து தயாரான பிறகும் இழை சும்மா இருப்பதில்லை, சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு மாதம் தாண்டிய பையில் மஞ்சள் பழுப்பாகத் தண்ணீர் கோத்து நிற்பதும், பைக்குள்ளேயே குட்டி மொட்டுகள் எட்டிப் பார்ப்பதும் அதனால்தான். சோளம் கம்பைவிட இந்த விஷயத்தில் சில நாள் கூடுதலாகப் பொறுக்கும். குளிர்பெட்டியில் வைத்தால் நாள் நீளும், ஆனால் இளஞ்சிவப்புச் சிப்பிக் காளானின் வித்தை மட்டும் அதில் வைக்காதீர்கள். அது வெப்பநாட்டுக்காரன், குளிரில் செத்துப்போகும்.

செலவைப் பற்றியும் கேட்பார்கள். கோழித் தீவனத்துக்காக மக்காச்சோளம் வயலைப் பிடித்துக்கொண்டதிலிருந்து சோளம் முன்புபோல எல்லாச் சந்தையிலும் குவிந்து கிடப்பதில்லை. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்ததற்குப் பிறகு, அங்காடிகளில் அழகான பாக்கெட்டில் அடைத்த சோளத்தின் விலையைப் பார்த்தால் மயக்கம் வரும். பாக்கெட் சோளம் வித்துக்குத் தேவையில்லை. பல நேரங்களில் அது தீட்டித் தோல் எடுத்தது, நமக்கு உதவவும் உதவாது. கிராமத்துச் சந்தையில் மூட்டையாக வாங்குங்கள். ஒரு கிலோ சோளத்தில் ஐந்து வித்துப் பை தேறும், அதிலிருந்து பத்துப் படுக்கை. ஒரு படுக்கையின் செலவில் சோளத்தின் பங்கு மிகச் சின்னது. கிலோவுக்கு ஐந்து ரூபாய் மிச்சம் பிடிக்கக் கறை பிடித்த சோளத்தை வாங்கினால், போவது பத்துப் படுக்கையின் வைக்கோலும் ஒரு மாத உழைப்பும்.

கடைசியாக எலி. தானிய வித்தின் ருசி காளானுக்கு மட்டும் தெரிந்ததல்ல. படுக்கை கட்டும்போது வித்தைப் பையின் ஓரமாக வட்டமாகத் தூவுகிறோம், இழை சீக்கிரம் ஓட அதுதான் நல்ல இடம். எலிக்கும் அதுதான் நல்ல இடம். பாலித்தீனை ஓரத்தில் கடித்து, வைக்கோலை லேசாக விலக்கி, சோளத்தை மட்டும் வரிசையாகப் பொறுக்கிச் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கும். குடிலின் அடியைச் சுற்றி ஒரு முழ உயரத்துக்கு நெருக்கமான கம்பி வலை அடித்து, படுக்கைகளைத் தரையில் வைக்காமல் உறியில் தொங்கவிட்ட பிறகுதான் எங்கள் குடிலில் அது நின்றது.